முகாம் இளைஞர்களுக்கு சமாதானப் பயிற்சி என்கிறார்களே, அது என்ன?

2018 ஜூன் மாதம், ரஷ்யாவில் உலகக் கோப்பை கால்பந்து நடந்துகொண்டிருந்தது. உகாண்டாவின் வடமேற்கு மூலையில் ரைனோ முகாம் என்று ஓர் அகதிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கேயும் ஜனங்கள் மேட்ச் பார்த்தார்கள். பார்க்க வந்த தெற்கு சூடான் பையன்களுக்குள் ஒரு தகராறு வந்தது. ஒரு பக்கம் டிங்கா இனத்தவர், இன்னொரு பக்கம் நூயர் இனத்தவர். டிவி இருந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டிய கைகலப்பு குடியிருப்புக்குள் பரவி, உயிர்கள் போய், கடைசியில் ஒரு சாராரை அங்கிருந்து கிளப்பி வேறு இடத்தில் குடிவைக்க வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் கழித்து, 2020 செப்டம்பரில், அதே ரைனோ முகாமில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஓர் அகதிப் பையனுக்கும் உள்ளூர்ப் பையனுக்கும் வாய்ச்சண்டை. அது முற்றி பத்து அகதிகள் கொல்லப்பட்டார்கள்.

ஒரு மேட்ச், ஒரு குழாயடி. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று கேட்கத் தோன்றும். ஆனால் "இடம்பெயர்ந்த இளைஞர்களுக்கு சமாதானப் பயிற்சி" என்று ஐ.நா. ஆட்களும் தொண்டு நிறுவனங்களும் பேசும்போது, அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்கள்தான். அந்தச் சொற்களைக் கேட்டதும் வெள்ளைப் புறா, மெழுகுவர்த்தி ஊர்வலம், "நாம் அனைவரும் ஒன்று" என்று எழுதிய பேனர் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். நடப்பது வேறு. மேட்ச் பார்க்கும் இடத்தில் முதல் அடி விழுந்ததும், போலீஸ் வந்து சேர்வதற்குள் இருக்கிற அரை மணி நேரத்தில் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக, அந்த அடி விழாமல் இருக்க முந்தின வாரமே என்ன செய்திருக்கலாம் என்பதுதான் அங்கே பாடம்.

உலகம் முழுக்கப் போரும் வன்முறையும் துரத்தி வீட்டை விட்டு வந்தவர்கள் 2024 முடிவில் 12 கோடிக்கும் மேல் என்பது ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்கு. எல்லை தாண்டியவர்களை அகதிகள் என்கிறோம். சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடியவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள். இவர்களே எண்ணிக்கையில் அதிகம். எல்லா நாட்டையும் அள்ளிப்போட்டால் ஒன்றும் புரியாது என்பதால், இந்தக் கட்டுரையில் தெற்கு சூடானையும் அங்கிருந்து உகாண்டா வந்தவர்களையும் மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

கதைச் சுருக்கம் இதுதான். தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று தனி நாடாகியது. இரண்டரை வருடம்கூட ஓடவில்லை. அதிபர் சால்வா கீர் டிங்கா இனத்தவர், அவர் பதவிநீக்கம் செய்த துணை அதிபர் ரீக் மச்சார் நூயர் இனத்தவர். 2013 டிசம்பரில் தலைநகர் ஜூபாவில் இவர்கள் ஆட்களுக்குள் துப்பாக்கிச் சண்டை தொடங்கி, சில நாட்களில் அது இனச் சண்டையாக நாடெங்கும் பரவியது. 2015இல் ஓர் ஒப்பந்தம், 2016 ஜூலையில் மறுபடி ஜூபாவில் சண்டை, 2018இல் இன்னோர் ஒப்பந்தம். 2016இல் தெற்கே ஈக்வடோரியா பகுதிக்கும் போர் பரவியதும் ஜனங்கள் உகாண்டா எல்லையை நோக்கி ஓடினார்கள். அந்த ஆகஸ்டில் யும்பே மாவட்டத்தில் புதர்க்காடாகக் கிடந்த இடத்தில் பிடி பிடி என்ற குடியிருப்பைத் திறந்தார்கள். வருடம் முடிவதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்துவிட்டதால் புதியவர்களுக்கு இடமில்லை என்று கதவை மூட வேண்டிய நிலை. சில மாதத்தில் முளைத்த ஒரு நகரம் என்றே சொல்லலாம், ஆனால் சாக்கடையும் இல்லை, வேலையும் இல்லை.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சண்டை போட்ட இரண்டு தரப்புக் குடும்பங்களும் தப்பி ஓடி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. டிங்கா, நூயர் மட்டுமா, பாரி, காக்வா, மடி, அச்சோலி என்று இன்னும் எத்தனையோ பேர். அண்ணனைக் கொன்றவனின் இனத்தைச் சேர்ந்தவன் பக்கத்து வரிசையில் தார்ப்பாய்க் கூடாரம் போட்டிருப்பான். இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஒரே ரேஷன் வரிசையில் நிற்க வேண்டும்.

அப்புறம் உள்ளூர்க்காரர்கள். உகாண்டா இந்த விஷயத்தில் தாராளமான நாடு என்று பெயரெடுத்தது. 2006இல் போட்ட அகதிகள் சட்டப்படி வேலை பார்க்கலாம், நாட்டுக்குள் நடமாடலாம். முள்வேலி முகாமில் அடைக்காமல், வீடு கட்டவும் காய்கறி போடவும் ஒரு துண்டு நிலம் தருகிறார்கள். அந்த வடமேற்குப் பகுதி மக்களே ஒரு காலத்தில் அகதிகளாக இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1979இல் அந்தப் பகுதிக்காரரான சர்வாதிகாரி ஈடி அமீன் வீழ்ந்த பிறகு பழிவாங்கலுக்குப் பயந்து அவர்கள் ஓடியது சூடானின் தெற்குப் பகுதிக்கும் காங்கோவுக்கும்தான். ஆக இன்று சோறு போடுகிற வீட்டுத் தாத்தா அன்று அங்கே சோறு வாங்கிச் சாப்பிட்டவராக இருக்கலாம். இந்த நன்றி நிஜமானது. ஆனால் நன்றி எவ்வளவு இருந்தாலும் விறகு ஒரு அளவுக்குத்தான் இருக்கிறது. லட்சம் அடுப்புக்கு மரம் வெட்டினால் காடு என்ன ஆகும்? கூரைக்குப் புல் அறுக்க அகதிப் பெண்கள் போகும் நிலம் யாரோ ஒருவருடையது. விறகு பொறுக்கப் போன பெண்ணை நிலத்துக்காரர் விரட்டியடிப்பதில் தொடங்கும் பிரச்சினை, பல நேரம் அவரைவிட அவர் மகனும் இவள் தம்பியும் மோதுவதில் போய் நிற்கும்.

மொழியும் மதமும் ஒன்றாக இருந்தால் இந்த உரசல் வராது என்று நினைக்கிறவர்கள் இலங்கையின் புத்தளத்தைப் பார்க்கலாம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருமளவில் போய்ச் சேர்ந்த இடம் அது. ஏற்றுக்கொண்டவர்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களே. தொடக்கத்தில் வீட்டைத் திறந்துவிட்டார்கள், சமைத்துப் போட்டார்கள். வருடங்கள் ஓட ஓட நிலம், கூலி வேலை, பள்ளிக்கூட இடம் என்று வந்தபோது "அகதி" என்பது வசைச்சொல் மாதிரி ஆனது. சோற்றுக்கும் இடத்துக்கும் போட்டி வரும்போது எந்த ஒற்றுமைக்கும் கீறல் விழும்.

சரி, இதில் இளைஞர்களை ஏன் பிடிக்கிறார்கள்?

நேர்மையான முதல் பதில்: பயத்தினால். வேலையில்லாத, படிப்பு பாதியில் நின்ற, கோபம் உள்ள இருபது வயதுப் பையன் என்றாலே அரசாங்கங்களுக்கு ஒரு கலக்கம். ஆயுதக் குழுக்கள் ஆள் தேடுவதும் அவனைத்தான். அதனால் ரொம்ப காலம் இளைஞர் என்றால் "ஆபத்து" என்ற கோப்பில்தான் வைத்திருந்தார்கள். இதை மாற்றச் சொல்லி 2015 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஒரு தீர்மானம் போட்டது. எண் 2250. முன்கை எடுத்தது ஜோர்டான், அதுவே லட்சக்கணக்கான சிரிய அகதிகளை வைத்திருந்த நாடு. 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்று எடுத்துக்கொண்டு, சமாதானம் பற்றிய முடிவுகளில் இவர்களுக்கும் இடம் கொடுங்கள், இவர்களைப் பாதுகாருங்கள், வன்முறையைத் தடுப்பதில் கூட்டாளியாக்குங்கள் என்று அது சொல்கிறது. பிறகு 2018இலும் 2020இலும் இதையே வலியுறுத்தி மேலும் தீர்மானங்கள் வந்தன. பாதுகாப்பு அவைத் தீர்மானத்தால் குழாயடிச் சண்டை நிற்கப்போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் நிதி கொடுக்கிறவர்கள் இந்த எண்ணைக் காட்டித்தான் கொடுக்கிறார்கள், அதனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பதில்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. சண்டை வந்தால் அங்கே முதலில் போய் நிற்பது இளைஞர்கள்தான், அடிக்கப் போனாலும் சரி, விலக்கப் போனாலும் சரி. பெரியவர்களுக்கு மரியாதை இருக்கிறது, ஆனால் அவர்களுக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் கல் பறந்திருக்கும். அதோடு, பல பெரியவர்கள் சொந்த இன மொழியில் மட்டுமே சரளமாகப் பேசுவார்கள். இளைஞர்களோ ஜூபா அரபி என்ற கலப்பு மொழியில் யாரோடும் பேசிவிடுவார்கள், உகாண்டாவில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஆங்கிலமும் கொஞ்சம் வரும். கையில் போன் இருக்கிறது, வாட்ஸ்அப் வதந்தி முதலில் வருவதும் அவர்களுக்கே. முகாமின் அசல் தகவல் தொடர்பு அமைப்பு அவர்கள்தான். அந்த அமைப்பு வழியாக எது போகிறது என்பதுதான் கேள்வி.

பயிற்சியில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

பெரும்பாலும் ஒரு தகரக் கூரைக்குக் கீழே, இல்லாவிட்டால் மரத்தடியில், இருபது முப்பது பேர். வேண்டுமென்றே கலந்து உட்காரவைப்பார்கள். முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நியாயம்தானே. அதனால் விளையாட்டு, பாட்டு, ஜோடி ஜோடியாகப் பேசுவது என்று தொடங்குவார்கள். ஜோடிப் பயிற்சியில் ஒன்று பார்க்க ரொம்ப எளிது: ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும், மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். முயன்று பாருங்கள், வீட்டிலேயே. முப்பது விநாடியில் நம் வாய் துறுதுறுவென்று கிளம்பிவிடும். திருப்பிச் சொல்லும்போதும் "அவர் சொல்ல வருவது என்னன்னா" என்று நம் கருத்தை நுழைத்துவிடுவோம்.

அடுத்து பிரச்சினையைப் படம் போட்டுப் பார்ப்பது. பெரிய தாளில் ஒரு மரம் வரைவார்கள். அடிமரத்தில் பிரச்சினை, வேரில் காரணங்கள், கிளையில் விளைவுகள். ஒரு குழு "குழாயடிச் சண்டை" என்று அடிமரத்தில் எழுதும். வேரில் என்ன வரும்? "நூயர் முரடர்கள்" என்று யாராவது எழுதத்தான் செய்வார்கள். பயிற்சி தருகிறவர் அதை அடிக்க மாட்டார். இவர்கள் முரடர்கள் என்றால் போன மாதம் ஏன் சண்டை வரவில்லை என்று மட்டும் கேட்பார். போன மாதம் இரண்டு குழாய் ஓடியது, இப்போது ஒன்று ரிப்பேர் என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர், வரிசையைப் பார்த்துக்கொள்ளும் தண்ணீர்க் குழுவில் எங்கள் ஆள் ஒருத்தர்கூட இல்லை என்பார். அரை மணியில் வேர்ப் பக்கம் நிறைந்துவிடும், "முரடர்கள்" அதில் ஓர் ஓரத்தில் கிடக்கும். யாரும் யாரையும் திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவதுதான் சரக்கு: நடுவில் நின்று பேசிவைப்பது. இதை நடித்துப் பழகுவார்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம், இந்த வகைப் பயிற்சிகளில் சாதாரணமாக வரக்கூடியதுதான். காலை ஆறு மணி. இருபது லிட்டர் மஞ்சள் கேன்கள் ஆளுக்குப் பதிலாக வரிசையில் நிற்கின்றன. விடியும் முன்பே வந்து கேனை வைத்துவிட்டு வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி வந்து, எங்கள் நிலத்தில் இருக்கும் குழாய்க்கு நான் ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்று முன்னால் இருந்த கேனைக் காலால் தள்ளிவிட்டுத் தன் கேனை வைக்கிறாள். கேனுக்குச் சொந்தக்காரி ஓடி வருகிறாள். சத்தம் கேட்டு அவள் தம்பி வருகிறான், இவள் மைத்துனன் வருகிறான்.

பயிற்சி எடுத்தவர் இங்கே என்ன செய்ய வேண்டும்? யார் சரி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதுதான் கற்றுக்கொள்ள ரொம்ப கஷ்டமான பாடம், ஏனென்றால் கேட்டதும் நமக்கு ஒரு பக்கம் நியாயம் தெரிந்துவிடும். முதல் வேலை, கூட்டத்தைப் பிரிப்பது. அதற்கும் கூட்டத்தைப் பார்த்துக் கத்திப் பயனில்லை, தம்பியையும் மைத்துனனையும் தெரிந்த ஆட்களை வைத்துத் தனித்தனியாக நகர்த்திப்போக வேண்டும். அதனால்தான் நடுவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஜோடியாகப் போக வேண்டும் என்பார்கள். அகதி இளைஞன் மட்டும் போனால் உள்ளூர்ப் பெண்ணுக்கு அவன் எதிராளி. "அம்மா, நீங்க சொல்றதை முதல்ல கேக்குறேன், இப்படி நிழலுக்கு வாங்க" என்று இரண்டு பேரையும் வேறு வேறு இடத்தில் உட்கார்த்தி, ஒவ்வொருவரும் கேட்பது என்ன, அதற்குப் பின்னால் உண்மையில் வேண்டியது என்ன என்று பிரித்தெடுக்க வேண்டும். உள்ளூர்ப் பெண் கேட்பது "எனக்கு முதலிடம்". வேண்டியது, சந்தைக்குப் போகும் முன் தண்ணீர். தவிர, தன் நிலத்தில் தன்னையே யாரோ மாதிரி நடத்துகிறார்கள் என்ற மனத்தாங்கல். கேன்காரி கேட்பது "கேனைத் தள்ளியதற்கு மன்னிப்பு". வேண்டியது, குழந்தை பள்ளிக்கூடம் போகும் முன் தண்ணீர், அப்புறம் நாளைக்கும் இப்படி நடக்காது என்ற உறுதி. கேட்பது இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது. வேண்டியது அவ்வளவு மோதவில்லை. சந்தை நாளில் உள்ளூர்க்காரர்களுக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று ஒரு நேரம், தண்ணீர்க் குழுவில் இரண்டு பக்கமும் ஆட்கள், கேன் வைத்துவிட்டுப் போனால் இவ்வளவு நேரம்தான் செல்லும் என்று ஒரு விதி. இதை அவர்கள் வாயாலேயே வரவைத்து, குடியிருப்பில் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கும் அகதிகள் நலக் குழுவிடமும் உள்ளூர்த் தலைவரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு நடுவர் வேலை முடிகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரிப்பேரான இரண்டாவது குழாயை யாரும் சரிசெய்யவில்லை என்றால் மேலே சொன்ன அத்தனையும் ஒரு மாதம்தான் தாங்கும். பயிற்சிக்கு நிதி கொடுத்துவிட்டு குழாய்க்குக் கொடுக்க மறுக்கும் திட்டங்கள் இருக்கின்றன என்பது இந்தத் துறையின் கசப்பான வேடிக்கை.

எதில் கைவைக்கக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. பாலியல் வன்முறை, கொலை, ஆயுதம், குழந்தைகளை அடிப்பது இதெல்லாம் "பேசித் தீர்த்துக்கொள்ளும்" விஷயம் அல்ல. ஒரு பெண்ணைக் கெடுத்தவன் குடும்பமும் அவள் குடும்பமும் உட்கார்ந்து இத்தனை மாடு நஷ்டஈடு என்று பேசி முடித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். நம்மூர்ப் பஞ்சாயத்துகளிலும் இது கேள்விப்படாததா என்ன. அங்கே போய் சமாதானத் தூதர் வேலை பார்ப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். நேராகப் போலீஸ், மருத்துவமனை, பாதுகாப்பு அலுவலர் என்று கைகாட்டிவிட்டு அவளோடு கூடப் போவதுதான் வேலை. யாரிடம் அனுப்புவது என்ற போன் எண் பட்டியல் கையில் இல்லாமல் பயிற்சியை முடிக்கிற நிறுவனத்தை நம்பக் கூடாது என்பேன்.

வதந்தி தனிக் கதை. தெற்கு சூடான் போரில் ஃபேஸ்புக் ஒரு தனிப் போர்முனையாகவே இருந்தது, அதில் தீ வைத்தவர்கள் பலர் வெளிநாட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்த சொந்த நாட்டுக்காரர்கள். எங்கோ குளிர் நாட்டில் ஹீட்டர் அறையிலிருந்து "விடாதே, அடி" என்று எழுதுவது சுலபம். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இதற்காகவே டிஃபைஹேட்நவ் என்று ஒரு முயற்சி தொடங்கி, வெறுப்புப் பேச்சை எப்படி அடையாளம் காண்பது, பரப்பாமல் எப்படி நிறுத்துவது என்று இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. நடைமுறையில் அது நாலைந்து கேள்விகள்தான்: இந்தப் படம் எப்போது எடுத்தது, அனுப்பியவர் நேரில் பார்த்தாரா, அந்த ஊரில் நமக்குத் தெரிந்த யாரிடமாவது கேட்க முடியுமா, இதை நான் அனுப்பினால் இன்று இரவு யார் வீட்டுக்கு ஆபத்து. கடைசிக் கேள்விதான் உறைக்கும்.

போன் இல்லாதவர்களுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஜூபாவில் ஐ.நா. வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்த மக்களுக்காக இன்டர்நியூஸ் என்ற ஊடக அமைப்பு "போடா போடா டாக் டாக்" என்று ஒன்றை நடத்தியது. திட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் பெயரே போடா போடா. முகாம்வாசிகளே பேட்டி எடுத்து, நிகழ்ச்சி தயாரித்து, அதை வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் போட்டபடி முகாமைச் சுற்றுவார்கள். நிறுத்தும் இடத்தில் ஜனங்கள் கூடிக் கேட்டு, சந்தேகத்தைச் சொல்ல, அது அடுத்த நிகழ்ச்சிக்குப் போகும். ரேஷன் எப்போது, காலரா தடுப்பு மருந்து பாதுகாப்பானதா, அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் எதனால் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். பதற்றம் குறைந்த இடத்தில் வதந்திக்கு வேலை இல்லை.

நாடகமும் உண்டு. 2016இல் தெற்கு சூடான் கலைஞர்கள் சிலர் சேர்ந்து அனாதாபான் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள், அரபியில் "எனக்கு அலுத்துவிட்டது" என்று பொருள். சுவர் ஓவியம், பாட்டு, தெருவோர நாடகம் என்று ஜூபாவில் போரின் அலுப்பை வெளிப்படையாகச் சொன்னார்கள். பயிற்சிகளில் பயன்படுத்துவது இன்னொரு வகை, பிரேசில் நாடகக்காரர் ஒருவர் 1970களில் உருவாக்கியது: நாடகத்தைச் சண்டை முற்றும் இடம் வரை போட்டு நிறுத்திவிடுவார்கள். இந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று பார்க்கிறவர்களை மேடைக்கு அழைப்பார்கள். ஒரு பாட்டி எழுந்து வந்து தம்பி வேடக்காரன் காதைப் பிடித்துத் திருகினால் கூட்டம் சிரிக்கும், அடுத்தவர் வேறு வழி காட்டுவார். ஒரு நாள் முழுக்கச் செய்யும் உரையைவிட இந்தப் பத்து நிமிடம் நிற்கும்.

பெரிய அளவில் இதைச் செய்கிறவர்களில் ஃபாரஸ்ட் விட்டேக்கர் என்ற அமெரிக்க நடிகரைச் சொல்லலாம். ஈடி அமீன் வேடத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கியவர், அந்தப் படப்பிடிப்புக்காக உகாண்டா போனவர். 2012இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, தெற்கு சூடானிலும் உகாண்டாவின் கிரியாண்டோங்கோ அகதிக் குடியிருப்பிலும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு சிறு குழுவுக்கு நீண்ட காலம் ஆழமாகக் கற்றுக்கொடுத்து, அவர்கள் ஊருக்குப் போய் மற்ற இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. கூடவே கணினி வகுப்பு, சிறுதொழில் தொடங்க உதவி. கடைசி இரண்டும் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியலாம், ஆனால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. காலையில் சமாதானம் பேசிவிட்டு மதியம் பட்டினியாகத் திரிகிறவன் பேச்சை ஊர் எத்தனை நாள் கேட்கும்?

இனி குறைகள். முதலாவது, டி-ஷர்ட் வியாதி. மூன்று நாள் பயிற்சி, சான்றிதழ், டி-ஷர்ட், குரூப் போட்டோ, அதோடு சரி. அறிக்கையில் "இத்தனை இளைஞர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர்" என்று ஒரு எண் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து அவர்கள் எந்தச் சண்டையில் தலையிட்டார்கள், என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது, அதே முகங்கள். ஆங்கிலம் தெரிந்த, அலுவலகத்தில் பழக்கம் உள்ள நாலு பேர் எல்லாப் பயிற்சிக்கும் போய் எல்லா தினப்படியும் வாங்குவார்கள். சண்டையில் முன்னால் நிற்கிற போடா ஓட்டுநரோ, மேட்ச் பார்க்கும் கொட்டகையை நடத்துகிறவரோ பட்டியலில் இருக்க மாட்டார். அந்தக் கொட்டகைக்காரருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் பத்துப் பட்டதாரிகளுக்குக் கொடுத்ததற்குச் சமம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, பெண்கள். உகாண்டாவில் உள்ள அகதிகளில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு பெண்களும் குழந்தைகளும். குழாயடி, விறகு, ரேஷன் எல்லாமே அவர்கள் புழங்கும் இடம், அங்கே என்ன புகைகிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்கு. ஆனால் "இளைஞர்" என்று அறிவித்தால் பையன்கள் வந்து நிற்பார்கள், காரணம் எளியது: பயிற்சி காலை ஒன்பது மணிக்கு, அந்த நேரம் பெண்கள் தண்ணீர் வரிசையில். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் வகுப்பும் போதும், நிலைமை மாறும். இதற்குத் தனி நிபுணர் தேவையில்லை.

நாலாவது, ஆபத்து. நடுவில் நிற்பவனை இரண்டு பக்கமும் துரோகி என்று சொல்லக்கூடும். நம் சரித்திரத்தில் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால் நல்ல பயிற்சியில் "எப்போது ஓடிவிட வேண்டும்" என்பதும் ஒரு பாடம்: ஆயுதம் தெரிந்தால் நிற்காதே, தனியாகப் போகாதே, உன் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் பெருமை பேசாதே. சொந்தக் காயமும் இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கு வருகிறவர்களே அப்பாவை இழந்தவர்கள், எரிந்த ஊரைப் பார்த்தவர்கள். மற்றவர் கோபத்தைக் கேட்டுக் கேட்டு அவர்களுடையது கிளறப்படும். அவர்களுக்குப் பேச ஓர் ஆள் வைக்காமல் வேலை வாங்குவது நியாயமில்லை.

கடைசியாக, எல்லை. இந்த இளைஞர்கள் போரை நிறுத்த முடியாது. போரைத் தொடங்கியது அவர்கள் இல்லை. 2025 மார்ச்சில் ஜூபாவில் மச்சாரை வீட்டுக்காவலில் வைத்தார்கள், ஒப்பந்தம் மறுபடி ஆட்டம் கண்டது. அதே வருடம் மே மாதத்தில், பணமில்லை என்று உலக உணவுத் திட்டம் உகாண்டாவில் சுமார் பத்து லட்சம் அகதிகளுக்கு உணவு உதவியை நிறுத்தியது. இரண்டு முடிவும் முகாமுக்கு ரொம்ப தூரத்தில் எடுத்தவை. ஒன்று போன் வழியாக வரும், இன்னொன்று காலிப் பானை வழியாக வரும்.

ஆகவே, இப்படிப்பட்ட திட்டத்துக்கு யாராவது உங்களிடம் நன்கொடை கேட்டாலோ, நீங்களே ஒன்றில் வேலைக்குச் சேரப் போனாலோ, எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். போன மாதம் உங்கள் ஆட்கள் போய் நின்ற ஒரு சண்டையைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எங்கே, யாருக்கும் யாருக்கும், யார் முதலில் போனது, ஒத்துக்கொண்டது என்ன, அது இன்னும் நிற்கிறதா, அந்தக் குழாய் ரிப்பேர் ஆயிற்றா. வேலை நடக்கிற இடத்தில் இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். நடக்காத இடத்தில் போட்டோ ஆல்பத்தை எடுத்துக் காட்டுவார்கள்.